புல்லிலிருந்து இழைக்கு: ஹாக்கியின் தரை மாறிய வரலாறு

செயற்கைப் புல்தரை உலகின் பல விளையாட்டுகளுக்குள் நுழைந்திருக்கிறது என்றாலும், ஒரு விளையாட்டின் மேல்மட்ட ஆட்டம் முழுவதையும் தன்வசமாக்கிக்கொண்டு, அதன் மட்டை, பந்து, காலணி, விதிகள், வியூகம், வீரரின் உடற்பயிற்சி ஆகிய அனைத்தையும் மாற்றியமைத்தது ஹாக்கியில்தான். கால்பந்து வீரர்கள் இன்றும் இயற்கைப் புல்லுக்காக வாதாடுகிறார்கள். கிரிக்கெட்டின் பெரிய ஆட்டங்கள் புல்லையும் மண்ணையும் விட்டு அகலவில்லை. ஹாக்கியிலோ, 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் பதக்கத்துக்கான ஆட்டங்கள் நடந்தபின் பத்தாண்டுக் காலத்துக்குள் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து புல் மறைந்துபோனது. இந்தியத் துணைக்கண்டத்தில் இந்த மாற்றம் பெரும்பாலும் ஓர் இழப்பின் கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது: புல்லில் எட்டுத் திசையும் வென்ற இந்திய ஹாக்கியை ஐரோப்பியர்கள் பிளாஸ்டிக் தரையை விரித்து வீழ்த்தினார்கள் என்பது அதன் சாரம். இக்கதையில் உண்மை உண்டு. ஆனால் அது வழக்கமாகச் சுட்டிக்காட்டப்படும் இடத்தில் இல்லை.

செயற்கைத் தளம் ஹாக்கிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் நகரப் பள்ளிகளில் ஓடி விளையாடப் புல்வெளி இல்லாத சிறுவர்களின் உடல்நலம் குறித்து ஃபோர்டு அறக்கட்டளை காட்டிய அக்கறையில் அதன் தொடக்கம் இருக்கிறது. மான்சாண்டோ குழுமத்தைச் சேர்ந்த கெம்ஸ்ட்ராண்ட் நிறுவனம் நைலான் இழைகளால் நெய்த ஒரு விரிப்பை உருவாக்கி, 1964-இல் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் பதித்தது. அடுத்த ஆண்டு ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட பேஸ்பால் அரங்கம் இந்த விரிப்புக்குப் பெயரையும் புகழையும் தேடித்தந்தது. அவ்வரங்கின் கூரை ஒளி ஊடுருவும் பலகைகளால் ஆனதால் உள்ளே உண்மையான புல் வளர்ந்தது. ஆனால் கண்ணைக் கூசவைத்த வெளிச்சத்தில் உயரே எழும் பந்து தெரியவில்லை என்று வீரர்கள் முறையிட்டதால் பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெயில் குறைந்ததும் புல் பட்டுப்போனது. 1966-இல் அங்கே நைலான் விரிப்பு பதிக்கப்பட்டு, அதுவரை கெம்கிராஸ் எனப்பட்ட அது ஆஸ்ட்ரோ டர்ஃப் என்று அழைக்கப்படலாயிற்று. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரான இதுவே பின்னாளில் எல்லா வகைச் செயற்கைத் தளங்களுக்கும் பொதுப்பெயராக வழங்கலாயிற்று; தமிழ்நாட்டு ஹாக்கி வீரர்கள் அதை இன்னும் சுருக்கி ‘டர்ஃப்’ என்பர்.

புல்லில் ஹாக்கி எப்படி ஆடப்பட்டது என்பதை அறியாமல் இந்த மாற்றத்தின் அளவை உணர முடியாது. ஹாக்கி மட்டைக்கு ஒரே ஒரு தட்டையான பக்கம் மட்டுமே உண்டு. அதன் வளைந்த முதுகுப்புறத்தால் பந்தைத் தொடுவது விதிமீறல். ஆகவே இடப்பக்கம் செல்லும் பந்தைத் தடுக்க வேண்டுமானால் மட்டையை மணிக்கட்டால் திருப்பியாக வேண்டும். மேடுபள்ளமான தரையில் பந்து எந்த நொடியில் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல இயலாததால், முதல் தொடுகையிலேயே அதை அடக்கி, மட்டையை வலமும் இடமும் விரைந்து புரட்டி, பந்து மட்டையைவிட்டு அகலாதவாறு ஓடுகிற கலை இந்தியாவில் வளர்ந்தது. ஆங்கிலேய மட்டைகளின் நீண்ட நுனி இப்படிப் புரட்டுவதற்கு ஏற்றதன்று. இந்தியத் தச்சர்கள் முசுக்கொட்டை மரத்தில் செய்த குறுகிய, இறுகிய வளைவுள்ள நுனிதான் அதற்கு இடம் கொடுத்தது. ஜலந்தரிலும், பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போன சியால்கோட்டிலும் உருவான அந்த வடிவத்தைப் பின்னர் உலகமே ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக்க வேண்டும். ஏக்கத்தோடு பேசப்படும் அந்தப் ‘புல்’ இந்தியாவின் பெரும்பாலான ஊர்களில் புல்லாகவே இருந்ததில்லை. ராணுவப் பாளையங்களின் அணிவகுப்புத் திடல்கள், ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய வெளிகள், கிறித்தவப் பள்ளிகளின் மைதானங்கள், அறுவடை முடிந்த வயல்கள் ஆகியவையே ஹாக்கி வளர்ந்த இடங்கள். அவற்றில் பல, கோடையில் வெறும் கட்டாந்தரை. ஈரப்பதமான ஐரோப்பியப் புல்லைக் காட்டிலும் அது பந்தை வேகமாக ஓடவிட்டது. கூடவே கணக்கில்லாமல் துள்ளவும் விட்டது. இந்திய வீரர்களின் மணிக்கட்டுத் திறன் பச்சைப்புல்லின் கொடை என்பதைவிட, இந்தக் கரடுமுரடான தரையோடு அன்றாடம் நடந்த போராட்டத்தின் விளைவு என்பதே பொருத்தம்.

அதற்கு மாறாக, மழையில் ஊறிய ஐரோப்பியப் புல்தரை இந்தியர்களுக்குச் சங்கடமாகவே இருந்தது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் இறுதியாட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டு ஆகஸ்ட் 15 அன்று நடந்தபோது தரையின் ஈரம் காயவில்லை; ஆட்டத்தின் நடுவில் இந்திய வீரர் தயான் சந்த் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார் என்பது ஹாக்கி வரலாற்றாசிரியர்கள் பலரும் பதிந்துள்ள செய்தி. இந்தியா அன்று ஜெர்மனியை 8-1 என்று வென்றது. 1948-இல் வெம்பிளி அரங்கில் பிரிட்டனை 4-0 என வென்று, விடுதலை பெற்ற இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றபோதும் தரை சேறாகவே இருந்தது. அங்கும் சிலர் வெறுங்காலோடு ஆடியதாகச் சொல்லப்படுகிறது. தரை எதிராக இருந்தபோதும் வென்ற அணிகள் அவை என்பதை நினைவில் கொள்வது பின்வரும் வாதத்துக்குத் தேவை.

ஐரோப்பிய ஹாக்கிக் கழகங்கள் செயற்கைத் தளத்தை விரும்பியதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. குளிர்காலமே அங்கே ஹாக்கிப் பருவம், அப்போது மழையும் உறைபனியும் புல்லைச் சகதியாக்கும், ஆட்டங்கள் ஒத்திவைக்கப்படும், ஒரு நாளில் இரண்டு ஆட்டம் நடந்தால் மூன்றாவது ஆட்டத்துக்குத் தரை மிஞ்சாது. செயற்கைத் தளமோ காலை முதல் இரவு விளக்கொளி வரை சிறுவர், மகளிர், மூத்தோர் என அணி மாற்றி அணி ஆடினாலும் தேயாமல் நிற்கும். பணக்கார நாடுகளில் ஒரு கழகம் பல நூறு உறுப்பினர்களின் சந்தாவைக் கொண்டு ஒரு தளத்தின் செலவை ஈடுசெய்துவிட முடியும். நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் தளங்கள் வேகமாகப் பெருகியதற்கு இந்தக் கணக்கே முதற்காரணம். இந்தியாவின் கணக்கு வேறாக இருந்தது. இந்தியாவை மனத்தில் வைத்து அந்தக் கணக்கைப் போட்டவர் எவரும் இல்லை என்பதுதான் குற்றமென்றால் குற்றம்.

மான்ட்ரியலுக்குப் பதினாறு மாதங்களுக்கு முன், 1975 மார்ச் 15 அன்று, கோலாலம்பூரின் புல்தரையில் அஜித்பால் சிங் தலைமையிலான இந்திய அணி பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. தயான் சந்தின் மகன் அசோக் குமார் வெற்றிக் கோலை அடித்தார். சென்னையைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ் அவ்வணியில் ஆடினார். அதே தலைவரோடும் அதே அணியின் முதன்மை ஆட்டக்காரர்கள் பலரோடும் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மோல்சன் அரங்கில் இறங்கிய இந்தியா, நெதர்லாந்திடம் 1-3 என்றும் ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்றும் தோற்று, முடிவில் ஏழாவது இடத்தில் நின்றது. 1928 முதல் அதுவரை நடந்த எந்த ஒலிம்பிக் ஹாக்கிப் போட்டியிலிருந்தும் பதக்கமில்லாமல் திரும்பியிராத நாடு அது. தங்கம் நியூசிலாந்துக்குப் போனது. ஆசியாவுக்குக் கிடைத்தது பாகிஸ்தானின் வெண்கலம் மட்டுமே.

அந்தத் தளத்தில் வீரர்கள் உணர்ந்த மாற்றம் பல அடுக்குகள் கொண்டது. முதலாவது பந்தின் வேகம். புல் ஒவ்வொரு சாணிலும் பந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். ஒரே சீராக நெய்த குட்டை இழைத் தளத்தில் அந்தத் தடை மிகக் குறைவு என்பதால், ஓங்கி அடித்த பந்து ஆளில்லாத இடத்தை நோக்கிப் போனால் எல்லைக்கோட்டைக் கடக்கும்வரை நிற்பதில்லை. இரண்டாவது, பந்து ஓடும் பாதை முன்கூட்டியே தெரிந்துவிடுவது. துள்ளலை அடக்குவதில் கைதேர்ந்தவருக்கும் சுமாரானவருக்கும் இடையே புல்லில் பெரும் இடைவெளி இருந்தது. சமதளம் அதைச் சுருக்கிவிட்டது. பந்து துள்ளாது என்ற உறுதி கிடைத்ததும், மட்டையைத் தரையோடு கிடைமட்டமாகப் படுக்கவைத்து இடப்பக்கப் பந்தைத் தடுக்கும் முறை எல்லோருக்கும் கைவந்தது; தடுக்கும் பரப்பு சில அங்குலங்களிலிருந்து மட்டையின் முழு நீளத்துக்கு விரிந்தது. ஒருவர் மூவரைக் கடந்து போவதைவிட, மூவர் தமக்குள் பந்தை விரைந்து கடத்துவது அதிகப் பயன் தருவதாயிற்று. மூன்றாவது மூச்சு. பந்து நிற்காத தரையில் வீரரும் நிற்க முடியாது. எழுபது நிமிடமும் முன்னும் பின்னும் ஓடும் உடல்தகுதி, கைத்திறனுக்குச் சமமான தேவையாகிவிட்டது. ஐந்து முன்வரிசை வீரர், மூன்று இடைவரிசை வீரர், இரு பின்வரிசை வீரர் என்ற பழைய அணிவகுப்பில் தத்தம் எல்லைக்குள் நின்று ஆடப் பழகியவர்களுக்கு இது புதிய தொழில் கற்பதற்கு ஒப்பாக இருந்தது.

இவ்வளவும் உண்மையாக இருந்தும், வீழ்ச்சியின் முழுப் பொறுப்பையும் தரையின்மேல் சுமத்துவது ஏடுகளில் உள்ள கணக்கோடு ஒத்துவரவில்லை. 1960-இல் ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 எனத் தோற்று இந்தியா வெள்ளியோடு திரும்பியது புல்தரையில்தான். 1964-இல் தங்கத்தை மீட்டபின், 1968-இலும் 1972-இலும் அரையிறுதியைத் தாண்ட முடியாமல் வெண்கலத்தோடு நின்றதும் புல்தரையில்தான். 1973 உலகக் கோப்பை இறுதியில் இரண்டு கோல் முன்னிலையைக் கைவிட்டு நெதர்லாந்திடம் பெனால்டி ஸ்ட்ரோக்கில் தோற்றதும் அவ்வாறே. ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் இந்திய ஆட்டத்தைக் கற்று, அதை முறியடிக்கும் வழிகளையும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். மான்ட்ரியலின் ஏழாவது இடம்கூட, நினைவில் நிற்பதுபோல அத்தனை மோசமான சரிவன்று. முதற்சுற்றில் ஆஸ்திரேலியாவோடு புள்ளிகளில் சமமாக நின்ற இந்தியா, அரையிறுதிக்குச் செல்வது யார் என்பதை முடிவுசெய்ய வைக்கப்பட்ட மறு ஆட்டத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்குகளால்தான் தோற்றது. அந்த ஆஸ்திரேலியா வெள்ளி வென்றது.

பாகிஸ்தானின் சான்று இன்னும் வலுவானது. அதே மண், அதே மட்டை, அதே ஆட்டமரபு, அதே வறுமை கொண்ட அந்நாடு, 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டு இறுதியில் இந்தியாவை 7-1 என நொறுக்கியது. 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸின் செயற்கைத் தளத்தில் மேற்கு ஜெர்மனியை வென்று ஒலிம்பிக் தங்கத்தையும், 1994-இல் சிட்னியில் உலகக் கோப்பையையும் பெற்றது. துணைக்கண்ட வீரரின் மணிக்கட்டுக்குச் செயற்கைத் தளம் இயல்பிலேயே பகை என்ற வாதம் இதற்குமுன் நிற்காது. 1986-இல் லண்டனின் வில்ஸ்டனில் நடந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பாகிஸ்தான் பதினொன்றாவதாகவும் இந்தியா பன்னிரண்டாவதாகவும் வந்தது உண்மையே. ஆனால் அந்தச் சரிவுக்குப்பின் ஒரு நாடு எட்டாண்டில் உலகக் கோப்பையை எட்டியது, மற்றொன்று எட்டவில்லை என்பதும் உண்மை.

1980 மாஸ்கோ ஒலிம்பிக் இந்த வாதத்தை இருபுறமும் வெட்டுகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா அங்கே செயற்கைத் தளத்தில் ஆடி, இறுதியில் ஸ்பெயினை 4-3 என வென்று தன் எட்டாவது தங்கத்தைப் பெற்றது. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய அணிகள் புறக்கணிப்பின் காரணமாக வராத போட்டி அது. டான்சானியாவை 18-0 என இந்தியா வென்றதிலிருந்தே களத்தின் பலவீனம் விளங்கும். அதே மாஸ்கோவில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட மகளிர் ஹாக்கியில், கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு அவசரமாகத் திரட்டப்பட்ட ஜிம்பாப்வே அணி, செயற்கைத் தளத்தில் ஆடிய பழக்கமே இல்லாமல் இறங்கித் தங்கம் வென்றது. புதிய தரைக்கு ஓர் அணி சில நாள்களில்கூடப் பழகிக்கொள்ள முடியும். ஒரு நாடு முழுவதும் பழகுவதுதான் கடினம்.

அந்தக் கடினத்தில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. செயற்கைத் தளம் பறித்துக்கொண்டது இந்திய வீரரின் திறமையை என்பதைவிட, அந்த வீரர் எந்த ஊரிலிருந்தும் வரலாம் என்ற நிலைமையை என்று சொல்வதே சரி. ஜலந்தர் அருகிலுள்ள சன்சார்பூர் என்ற சிற்றூர் பதினான்கு ஒலிம்பிக் வீரர்களைத் தந்ததாகப் பெயர்பெற்றது. அஜித்பால் சிங் அவ்வூர்க்காரர். ஒரு மட்டையும் ஊர்த்திடலும் போதும் என்றிருந்த காலத்தில்தான் அது இயன்றது. ஒரு செயற்கைத் தளத்துக்குக் கீழே சரளையும் தாரும், அதன்மேல் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் அடுக்கும், அதன்மேல் இழை விரிப்பும், சுற்றிலும் நீர் பீய்ச்சும் குழாய்களும் வடிகாலும் வேண்டும். செலவு கோடிகளில் போகும். பத்தாண்டு கடந்தால் விரிப்பை மாற்றியாக வேண்டும். உலகம் தளத்துக்கு மாறிய முதல் இருபது ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த தளங்கள் மிகச் சில. அவையும் பெருநகரங்களிலும் பயிற்சி நிறுவனங்களிலும் இருந்தன. மண் தரையில் பதினெட்டு வயதுவரை ஆடிய ஒருவர், தேசியப் பயிற்சி முகாமுக்கு வந்தபின் முதன்முறையாகத் தளத்தில் கால்வைத்தபோது, அதே வயதுடைய டச்சு வீரருக்கு அதில் பத்தாண்டுப் பழக்கம் இருந்தது.

பழக்கத்தின் பொருள் வேகத்தோடு முடிவதில்லை. மண் தரையில் பந்து துள்ளுமென்று எதிர்பார்த்து மட்டையைச் சற்றே உயர்த்திப் பிடிக்கும் கை, தளத்தில் பந்தைத் தவறவிடும். மண்ணில் சறுக்கி நின்று பழகிய கால், தளத்தின் பிடிப்பில் சட்டென்று நின்று முழங்கால் திருகிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் மண்ணில் ஆடிவிட்டுப் போட்டிக்குச் சில வாரம் முன்பு தளத்துக்கு வரும் வீரருக்கு இரண்டு உடல்மொழிகளும் அரைகுறையாகவே கைவரும். கோவில்பட்டியின் வரலாறு இதற்குத் தமிழ்நாட்டின் எடுத்துக்காட்டு. கரிசல் நிலத்துத் தீப்பெட்டித் தொழில் நகரமான அங்கே லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி ஊர்த்திருவிழாவைப் போலக் கூட்டம் சேர்ப்பது. தலைமுறை தலைமுறையாக அங்கே சிறுவர்கள் மண் தரையில் மட்டை பிடித்தார்கள். ஆனால் செயற்கைத் தளம் அவ்வூருக்கு இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தில்தான் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில், 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரனும் அரியலூரின் கார்த்தியும் இடம்பெற்றார்கள். தமிழ்நாட்டு ஹாக்கியின் பழைய தலைநகரமான சென்னையில் 1996-இலேயே சாம்பியன்ஸ் கோப்பை நடந்திருக்கிறது என்பதை நோக்கினால், பெருநகரத்துக்கும் சிறுநகரத்துக்கும் இடையே விழுந்த காலதாமதத்தின் நீளம் தெரியும்.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளும் உண்டு. ஒடிசா அரசு 2018 முதல் தேசிய அணிகளின் புரவலராக இருந்துவருவது பலரும் அறிந்தது. அதைக் காட்டிலும் முக்கியமானது, பழங்குடி மக்கள் ஆட்டை வெற்றிப் பரிசாக வைத்து ஹாக்கிப் போட்டி நடத்தும் சுந்தர்கர் மாவட்டத்தின் பதினேழு ஒன்றியங்களிலும் செயற்கைத் தளம் அமைக்க அவ்வரசு எடுத்த முடிவு. 2008-இல் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போய், 2012-இல் லண்டனின் நீலநிறத் தளத்தில் கடைசி இடத்தில் நின்ற இந்தியா, டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வென்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் சிறுவயதிலேயே தளத்தில் ஆடிய ஒரு தலைமுறை வந்துசேர்ந்தது அவற்றுள் தலையாயது என்று கொள்ள இடமிருக்கிறது.

வீரர்களின் உடல் இந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலை தனியே பேசத் தக்கது. புல்லில் விழுந்தவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுவார். தொடக்ககாலச் செயற்கைத் தளத்தில் விழுந்தவருக்கு முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்து தீப்புண்போல எரியும். பிளாஸ்டிக் இழை உராய்வில் சூடேறித் தோலைச் சுடுவதால் வரும் இக்காயம், தளத்தில் நீர் தெளிக்கும் வழக்கத்துக்கு ஒரு காரணமாயிற்று. நீர்ப்படலம் உராய்வைக் குறைத்துப் பந்தையும் சீராக வழுக்கவைக்கும். காலணியைத் தளம் இறுகப் பிடித்துக்கொள்வதால், உடல் திரும்பியபின்னும் கால் திரும்ப மறுத்து, கணுக்காலும் முழங்காலும் அந்த முறுக்கைத் தாங்குகின்றன. கால் பெருவிரல் பின்னோக்கி மடங்கி அதன் மூட்டுத் தசைநார் கிழியும் காயத்துக்கு, செயற்கைத் தளத்தில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1976-இல், மான்ட்ரியலின் அதே ஆண்டில், ‘டர்ஃப் டோ’ என்று பெயரிட்டார்கள். வெப்பம் மற்றொரு துன்பம். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னையும் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கும்; பிளாஸ்டிக்குக்கு அந்த ஆற்றல் இல்லை. கடும் வெயிலில் காய்ந்த செயற்கைத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. காலணிக்குள் பாதம் கொப்புளிப்பதைத் தென்னிந்திய வீரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கால்பந்து வீராங்கனைகள் இத்துன்பங்களை ஏற்க மறுத்தார்கள். 2015-இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் எல்லா ஆட்டங்களும் செயற்கைத் தளத்தில் என்று அறிவிக்கப்பட்டபோது, ஆடவர் உலகக் கோப்பைக்கு ஒருபோதும் விதிக்காத நிபந்தனையைத் தங்களுக்கு மட்டும் விதிப்பது பாகுபாடு என்று கூறி, அமெரிக்காவின் ஆபி வாம்பாக் உள்ளிட்ட முன்னணி வீராங்கனைகள் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தை நாடினார்கள். போட்டி நெருங்கியதால் 2015 ஜனவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். ஆட்டங்கள் தளத்திலேயே நடந்தன. 2019-இல் பிரான்சில் நடந்த அடுத்த மகளிர் உலகக் கோப்பை புல்லுக்குத் திரும்பியது. ஹாக்கியில் அப்படியொரு கலகம் எழாததற்குக் காரணம் அவ்விளையாட்டின் வீரர்கள் வலியை விரும்பியவர்கள் என்பதன்று. ஆட்டமே தளத்தோடு பிரிக்க முடியாதபடி பின்னிப்போய்விட்டது.

இதற்குச் சிறந்த சான்று பெனால்டி கார்னர். கோல் எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளப்படும் பந்தை வளையத்தின் விளிம்பில் ஒருவர் நிறுத்த, மற்றொருவர் கோலை நோக்கி அடிக்கும் இந்த வாய்ப்பில், புல்லின் காலத்தில் பந்தைக் கையால் நிறுத்த விதி இடம்கொடுத்தது. மட்டையால் நிறுத்தினால் துள்ளிப்போகும் என்பது அதற்கு ஒரு நியாயம். தளம் வந்தபின் கையின் தேவை மறைந்து, விதியும் மாறியது. நிறுத்திய பந்தை மட்டையின் தண்டோடு ஒட்டித் தரையில் இழுத்துவந்து, கவண்போல் சுழற்றி உயரே எறியும் ‘டிராக் ஃபிளிக்’ என்ற உத்தி, வழவழப்பான தரையில்லாமல் பிறந்திருக்கவே முடியாது. பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் இந்த உத்தியைக் கொண்டே பன்னாட்டு ஆட்டங்களில் 348 கோல்கள் அடித்தார். துணைக்கண்டத்தின் மணிக்கட்டு, தன்னை வீழ்த்தியதாகச் சொல்லப்பட்ட தரையிலேயே புதியதொரு வேலையைக் கண்டுகொண்டது என்பது வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று. 1990களில் ஆஃப்சைடு விதி நீக்கப்பட்டதும், வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி வந்ததும், தளம் கூட்டிய வேகத்தை மேலும் கூட்டின. கேன்வாஸும் பிரம்பும் கொண்டு தைத்த கோல்காப்பாளரின் கால்காப்புகள் இருந்த இடத்துக்குக் கனமான நுரைப்பொருள் வந்தது. மர மட்டையின் இடத்தைக் கார்பன் இழை பிடித்தது. இன்றைய பன்னாட்டு வீரர் ஒருவரைப் புல்லில் இறக்கினால், 1976-இல் அஜித்பால் சிங்கின் அணி தவித்ததைவிட அதிகமாகவே அவர் தவிப்பார்.

அடுத்த மாற்றம் தண்ணீரால் வந்துகொண்டிருக்கிறது. பன்னாட்டுத் தரத் தளங்கள் மணல் நிரப்பாத, நீர் தெளித்து ஆடும் வகையைச் சேர்ந்தவை. ஒரு முறை நனைக்கப் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் தேவைப்படும். ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் நனைத்தாக வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடங்களோடு மக்கள் லாரிகளுக்குக் காத்துநின்ற சென்னை போன்ற நகரத்தில் இது விளையாட்டுக் கேள்வியாக மட்டும் இருக்க இயலாது. சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பும் இதை உணர்ந்து, நீரில்லாமல் ஆடத்தக்க தளத்தை உருவாக்குவதைத் தன் இலக்காக அறிவித்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காகக் கொலோம்ப் நகரின் ஈவ் தூ மானுவார் அரங்கில் பதித்த தளம் கரும்பிலிருந்து பெற்ற மூலப்பொருளைப் பெருமளவு கொண்டு செய்யப்பட்டது. அதற்கு முந்தைய தளங்களைவிடக் குறைந்த நீரே அதற்குப் போதுமானதாக இருந்தது.

நீரில்லாத் தளம் வரும்போது பந்தின் வேகமும் மட்டையின் பிடியும் டிராக் ஃபிளிக்கின் வீச்சும் மீண்டும் ஒருமுறை மாறும். எந்த நாட்டுச் சிறுவர்கள் அதில் முதலில் பழகுகிறார்களோ அவர்களுக்கே அடுத்த இருபது ஆண்டு சாதகமாகும். 1976-இல் தரை மாறியபோது இந்தியா பார்வையாளராக இருந்தது. இன்று உலகக் கோப்பைகளை அடுத்தடுத்து நடத்தியும், 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பைக்குக் களம் அமைத்துக்கொடுத்தும் அந்த விளையாட்டின் பெரும் புரவலர்களுள் ஒன்றாகியிருக்கும் நாடு, புதிய தளத்தின் தரவிதிகள் எழுதப்படும் மேசையில் அமர்ந்து, கோவில்பட்டிக்கும் சுந்தர்கருக்கும் கட்டுப்படியாகும் விலையை அவ்விதிகளில் ஒன்றாக்கக் கேட்க வேண்டும்.